நகக்குறி வைத்த விலாசங்கள்

சூடு ஆறாத சிவப்பு அரக்கில் ஒரு நகத்தின் பதிவு. தபால் அதிபரை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அதுதான். முகம் பிறகுதான் வரும். தபாற் பையின் வாயைச் சணற்கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கிவிட்டு, பித்தளை அச்சை எடுத்துக் குத்துவதற்கு இடையில் அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் சுண்டுவிரல் நகத்தை அரக்கின் ஓரத்தில் ஒருமுறை அழுத்தி எடுப்பார். பிறைபோல ஒரு சிறு வெட்டு விழும். "இதுதான் ஐசே அப்பொஸ்திரபி. இம்மளவு சாமான். இதை ஒழுங்கா வைக்க ஒருத்தருக்கும் ஏலாமல் கிடக்கு" என்பார். அந்தத் தபாற் கந்தோருக்குள் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆனாலும் அது எனக்குச் சொன்னதாக இராது. கொழும்பில் இருந்த யாருக்கோ சொன்னதுபோல இருக்கும். பிறகு அச்சு விழும், குறி அழிந்துபோகும், பையை நான் தோளில் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்கு நடப்பேன்.

நெடுந்தீவில் நான் தபாற்காரனாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஐயா படுக்கையில் விழ, மாடுகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. இங்கிலீசு எனக்கு எழுத்தாகத் தெரியாது, முகமாகத் தெரியும். ஒரு விலாசத்தைக் கண்டால் மாட்டின் குறிசுட்ட இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து, இது இன்னார் வீட்டுக்கு என்று சொல்லிவிடுவேன். அதனாலேயே பயமும் அதிகம். படித்தவன் பிழைவிட்டால் கவனக்குறைவு என்பார்கள். படியாதவன் பிழைவிட்டால் வேலையை விட்டே நிறுத்துவார்கள். கடிதங்களை மூன்றுதரம் எண்ணுவேன். பாதிவழி போன பிறகு பை நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இறக்கிப் பார்ப்பேன். "கடல் வத்தினாலும் உனக்குப் பயம், நிரம்பினாலும் உனக்குப் பயம்" என்று அம்மா சொல்லுவா. உண்மைதான். ஆனால் ஆயிரம் காரியத்துக்குப் பயந்த நான், பயப்படவேண்டிய ஒன்றுக்குப் பயப்படாமல் இருந்துவிட்டேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தபால் அதிபர் எங்கள் தீவு ஆள் அல்ல. வலிகாமத்தில் இருந்து மாற்றலாகி வந்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவராக இருப்பார். கலியாணம் செய்யவில்லை. எங்கள் கல்வேலிகளையும் காற்றையும் காணிக்குள் வந்து நிற்கும் குதிரைகளையும் அவர் பெரிதாகக் கவனித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவருடைய கண் எப்போதும் காகிதத்தில்தான். இங்கிலீசில் ஒரு சொல்லின் எழுத்து விழுந்துபோனால் அந்த இடத்தில் அந்த நகக்குறி வரவேண்டும். ஒரு பொருள் ஒருவருடையது என்றால் அவருடைய பேருக்குப் பக்கத்தில் வரவேண்டும். ஒன்று பலவானதற்கு அது வரவே கூடாது. இவ்வளவுதான் சட்டம். இந்தச் சட்டத்தை உலகம் மீறிக்கொண்டிருந்தது என்பது அவருக்கு ஒரு தீராத நோவு.

இறங்குதுறையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்காரர் வேதக்காரர், பழைய கடல் குடும்பம். ஊர்காவற்றுறைக்குப் போய்வந்த உற்சாகத்தில் ஒருமுறை பலகையில் இங்கிலீசில் கடைப்பேர் எழுதிவைத்தார். தேநீர், பணிஸ், சுருட்டு என்று மூன்று சரக்கின் பேரும் இருந்தன. மூன்றுக்கும் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு நகக்குறி. தபால் அதிபர் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"இந்தக் குறி மூண்டும் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"வடிவுக்கு ஐயா."

"இது வடிவுக்கு வைக்கிற சாமான் இல்லை. இதுக்கு அப்பொஸ்திரபி எண்டு பேர்."

கடைக்காரர் சிரட்டைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அப்போஸ்தலர்மார் பன்னிரண்டு பேரையும் எனக்குத் தெரியும். இவற்றை பேரைச் சுவாமியார் ஒருநாளும் வாசிக்கேல்லையே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தபால் அதிபர் சிரிக்கவில்லை. "அதை அழிச்சுவிடும்" என்றார்.

"ஈ பேண்டது எண்டு நினைச்சுக்கொண்டு குடியுங்கோ ஐயா. ஆறுது."

அவர் குடிக்காமல் எழுந்துவிட்டார். அடுத்த கிழமை அவரே ஒரு சின்னப் பேனாக்கத்தியோடு போய், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான், அந்த மூன்று குறியையும் சுரண்டினார். பலகையில் மூன்று வெள்ளை வடு விழுந்தது. "முந்தி ஈ, இப்ப பல்லி" என்றார் கடைக்காரர்.

கொழும்பில் இருந்து வரும் சுற்றறிக்கைகள்தான் அவரை இன்னும் வருத்தின. 'இன்று' என்பதற்குரிய இங்கிலீசுச் சொல்லை அவர் படித்த காலத்தில் நடுவில் ஒரு சிறு கோடு போட்டு இரண்டு துண்டாகத்தான் எழுதுவார்களாம். இப்போது வரும் கடிதங்களில் கோட்டைக் காணவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் ஒரு நகக்குறி இருக்கவேண்டுமாம். நீண்ட ஒரு சொல்லின் தலையை வெட்டிய இடமாம் அது. போனுக்கும் அப்படியே. "வெட்டினவன் வடுவையாவது விடவேணுமே. இப்ப வடுவையும் மறைக்கிறாங்கள். பிறகு இஞ்சை ஒண்டு இருந்தது எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டார். சிறைச்சாலைக்குரிய இங்கிலீசுச் சொல்லின் பழைய எழுத்துக்கூட்டுப் போய்ப் புதியது வந்ததைச் சொன்னபோது அவருடைய குரல் செத்தவீட்டில் பேசுகிறவர் குரல்போல இருந்தது. எனக்கு ஓம் ஓம் என்று தலையாட்டத்தான் தெரியும். அந்த நாட்களில் நான் அவரை ஒரு சாதுவான விசர், பைத்தியம் என்று நினைத்திருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தீவில் பாதி வீட்டு அடுப்பு மலாயாவை நம்பித்தான் எரிந்தது. ஆண்கள் அங்கே தோட்டக் கந்தோர்களிலும் றெயில்வேயிலும் இருந்தார்கள்; பெண்கள் இங்கே. பெண்களுக்கு இங்கிலீசில் விலாசம் எழுதத் தெரியாது. அதனால் லீவில் வரும் ஒவ்வொருவரும் திரும்பிப் போகுமுன் ஒரு வேலை செய்வார்கள். ஒரு கட்டுக் கடித உறையை வாங்கி, எல்லாவற்றிலும் தங்கள் மலாயா விலாசத்தைத் தங்கள் கையாலேயே எழுதி, நூலால் கட்டி, பெண்சாதியின் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே இருக்கும் தமிழ்க் கடிதத்தை யாரும் எழுதிக் கொடுக்கலாம். உறை மட்டும் அவருடைய கை.

இதில் ஒரு வழக்கம் ஊறியிருந்தது. வீட்டில் சாவு விழுந்தால், கட்டில் எத்தனை உறை மிச்சம் இருந்தாலும் அதை எடுக்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரோ கோயில் மணியகாரரோ புதிய உறை ஒன்றில் தங்கள் கையால் விலாசம் எழுதி அனுப்புவார்கள். பிறருடைய கை என்பதால் அதைப் பிறகைக் கடிதம் என்போம். மலாயாவில் தபால் வந்ததும் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது எழுத்தைத்தானாம். தன் எழுத்தே தன்னிடம் திரும்பி வந்தால் வீட்டில் விளக்கு எரிகிறது. பிறகை என்றால் உடைத்துப் பார்க்கவே தேவையில்லை. சிலர் தலை தோய்ந்துவிட்டு, ஊரவர் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உடைப்பார்கள். சிலர் உடைக்காமலே கப்பல் ஏறிவிடுவார்கள். அந்நிய மண்ணில் அதை வாசிக்கக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். தபால் அதிபருக்கு இது தெரியாது. சாவுக் காரியத்தை வெளியூராருக்கு யார் விளக்கிக்கொண்டிருப்பார்கள்? எனக்குத் தெரியும். நான் அந்த ஊரில் பிறந்தவன்.

தீவின் மேற்குப் பக்கத்தில், மலாயாத் தோட்டமொன்றில் கணக்கு எழுதும் கிராணியார் ஒருவரின் பெண்சாதி இருந்தா. நான் அக்கா என்று கூப்பிடுவேன். முதல் இரண்டு பிள்ளையும் பிறந்தவுடன் தவறிவிட்டன. மூன்றாவது வயிற்றில் இருந்தது. கிராணியார் லீவில் வந்து போய் நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவர் உறைகளில் எழுதியிருந்த விலாசத்தில் தபால் அதிபருக்குத் தீராத வழக்கு ஒன்று இருந்தது. கிளாக்குமார் பலர் தங்கும் விடுதி அது. நகக்குறி கிளாக்குமாருக்குப் பக்கத்தில் வரவேண்டும். கிராணியார் அதை விடுதிக்கு வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் அக்காவின் கடிதம் வந்ததும் தபால் அதிபர் மெல்லிய கத்தியால் பிழையான குறியைச் சுரண்டி, சரியான இடத்தில் நுனிப் பேனாவால் ஒன்று வைத்து, முத்திரை குத்துவார். அது ஒரு அரும்பளவு வேலை. விலாசம் கிராணியாரின் விலாசமாகவே இருக்கும். அக்கா அதைக் கண்டு சிரித்திருக்கிறா. "என்ரை மனிசனுக்குப் பிழை திருத்த இஞ்சை ஒரு சட்டம்பியார் இருக்கிறார் போலை" என்று.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிவிட்ட காலம். மலாயாவில் சண்டை இல்லை. ஏழு மாதம் முடிந்த வயிற்றோடு அக்கா கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மத்தியான வெயிலில் நடந்து வந்தா. சோழகக் காற்றில் வள்ளம் அடுத்த நாள் போகுமோ போகாதோ என்று தெரியாததால் அவசரம். உறை வேர்வையில் நனைந்து துவண்டிருந்தது. அவ கொடுத்துவிட்டுப் போய்விட்டா. நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் குறி இருந்த இடத்தில் மை கொஞ்சம் படர்ந்து, பக்கத்து எழுத்தோடு ஒட்டியிருந்தது. எனக்கு உடனே பழைய பயம் வந்தது. முன்பு ஒருமுறை விலாசம் தெளிவில்லாமல் ஒரு கடிதம் ஆறு மாதம் சுற்றித் திரும்பி வந்திருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஐயா, உது இப்பிடிப் போனால் போய்ச் சேருமோ?" என்று கேட்டேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். கத்தியை எடுத்தார். ஈரக் காகிதம் சுரண்டுபடாமல் உரிந்தது. பேனாவை வைத்ததும் மை ஊறி, ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பரவி, தோட்டத்தின் பேரையே மூடிவிட்டது. அவர் கத்தியை மடக்கி வைத்தார். பிறகு தன்னுடைய சொந்த உறை ஒன்றை, நல்ல தடித்த வெள்ளை உறை, எடுத்தார். கடிதத்தை உடைக்கவில்லை, அது குற்றம். அக்காவின் உறையை அப்படியே அதற்குள் வைத்து ஒட்டினார். வெளியே முழு விலாசத்தையும் தன் கையால் எழுதினார். அவ்வளவு அழகான எழுத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. நகக்குறி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. "இப்ப சரி" என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. பை வள்ளத்தில் ஏறும்வரை நான் பயந்தது முத்திரை நன்றாக ஒட்டியிருக்குமோ என்றுதான்.

ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். தபாற் பை எடுக்க இறங்குதுறைக்குப் போயிருந்தேன். வள்ளத்தில் இருந்து கிராணியார் இறங்கினார். முகம் முழுக்கத் தாடி. மலாயாவில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் பெட்டி இல்லை, குடை இல்லை. ஒரு சால்வையும் கையில் ஒரு துணிப்பையும்தான். துறையில் நின்றவர்கள் யாரும் அவரை முதலில் மட்டுக்கட்டவில்லை. அவர் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்தியேட்டி முடிஞ்சுதோ? நான் பிந்திப்போனனோ?"

எங்களில் முப்பத்தோராம் நாள் செய்யும் சாவுக் கிரியை அது. எனக்கு விளங்கவில்லை. "ஆற்றை அந்தியேட்டி அண்ணை?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. சட்டைப்பையில் கையை விட்டு, மடங்கி அழுக்கேறிய ஒரு வெள்ளை உறையை எடுத்துக் காட்டினார். ஓரம் உடைபடவில்லை. அந்த அழகான எழுத்து.

"அக்கா இருக்கிறா அண்ணை" என்றேன். "சுகமா இருக்கிறா. வீட்டை இருக்கிறா. விடிய நான் கண்டனான்."

அவர் நம்பவில்லை. செத்தவீட்டுக்கு வருகிறவனிடம் வழியில் எதையும் சொல்லக்கூடாது என்று நான் மறைக்கிறேன் என நினைத்தார். விறுவிறு என்று நடந்தார். பையை எடுக்காமலே நானும் பின்னால் ஓடினேன். என் வேலைக் காலத்தில் நான் பையை விட்டுப்போன ஒரே நாள் அது. அக்கா கிணற்றடியில் நின்றா. நிறைமாத வயிறு. தாடியோடும் வெறுங்கையோடும் வாசற் படலையில் நின்ற மனிசனைக் கண்டதும் வாளியைக் கைவிட்டு, "ஐயோ, ஆர் செத்தது?" என்று குளறினா. அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பிறகு அக்காதான் அந்த உறையை வாங்கி உடைத்தா. உள்ளே இருந்து அவருடைய சொந்த உறை, பெரிய மைக் கறையோடு, வெளியே வந்தது. அதைக் கண்ட பிறகுதான் அவர் அழுதார். ஒரு மாதம், கப்பலிலும் றெயிலிலும் வள்ளத்திலும், பெண்சாதியின் சுகச் செய்தியை அவர் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவவுக்குத் துக்கம் காத்திருக்கிறார்.

அடுத்த நாட்காலை கந்தோருக்கு வந்தார். தாடி வழித்திருந்தது. உறையை மேசையில் வைத்தார்.

"இது ஆற்றை எழுத்து?"

தபால் அதிபர் எழுந்து நின்றார். "என்ரை எழுத்து."

"ஒரு மாதம் நான் அவளைச் சாகக் குடுத்திட்டு இருந்தனான். லீவு கேட்டனான், தரேல்லை. வேலையை விட்டெறிஞ்சிட்டு வந்தனான். பத்து வருஷ வேலை. உமக்கு என்ன செய்தனான் நான்?"

தபால் அதிபருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகைக் கடிதத்தின் வழக்கத்தைக் கிராணியார் அங்கே நின்றுதான் சொன்னார். கேட்கக் கேட்கத் தபால் அதிபரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவர் மையைச் சொல்லவில்லை, வேர்வையைச் சொல்லவில்லை, குறியைச் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வியையும் சொல்லவில்லை. கடிதங்களை அடுக்குகிறவன்போல நான் மூலையில் நின்றேன். நான்தான் மை படர்ந்ததைக் காட்டினேன், எனக்கு வழக்கம் தெரியும், நான்தான் சொல்லியிருக்கவேண்டும் என்று வாயெடுத்தால் வேலை போய்விடும் என்று பயம். இன்றுவரை நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"உங்கடை மனேச்சருக்கு நான் எழுதுறன்" என்றார் தபால் அதிபர். "முழுக்க எழுதுறன்."

மூன்று நாள் எழுதினார். எழுதிக் கிழித்தார். அரசாங்க உத்தியோகத்தன் ஒருவன் பிறர் கடிதத்தில் கைவைத்தேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது தன் கழுத்துக்குத் தானே கயிறு கொடுப்பது. அது கொழும்புக்குப் போனால் அவர் கதை முடிந்தது. அவருக்கு அது தெரியும். அந்த மூன்று நாளும் அரக்கில் நகம் படவில்லை.

அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. உயிரோடு, சுகமாகப் பிறந்தது. முப்பத்தொன்று என்று சாவுக்கு வந்த மனிசன் பிள்ளையின் முப்பத்தொன்றுக்கு இருந்தார். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த நாளில் ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. அதற்கு அடுத்த கிழமை மலாயாவில் இருந்து பதில் வந்தது. தோட்ட மனேச்சர் ஒரு வெள்ளைக்காரர். இப்படி நேர்மையாக எழுதப்பட்ட கடிதத்தைத் தான் வாசித்ததில்லை என்றும், கிராணியார் அடுத்த கப்பலில் வந்தால் பழைய இடம் அப்படியே இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். கிராணியார் ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டியோடு கந்தோருக்கு வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மடை இங்கிலீசு என்னைச் சாகடிச்சுது. உம்மடை இங்கிலீசே என்னை எழுப்பிவிட்டுது. ஆனா இனிமேல் என்ரை குறியிலை கை வைக்காதையும் ஐசே" என்றார். போகுமுன் ஒரு புதிய கட்டு உறை எழுதினார். அந்தக் குறி எங்கே வரவேண்டும் என்று இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே பழைய இடத்திலேயே, பிழையாகவே, எல்லாவற்றிலும் வைத்தார். "அப்பதான் என்ரை எழுத்தெண்டு தெரியும்" என்று அக்காவிடம் சொன்னாராம்.

அவருடைய பெட்டியை வள்ளத்தில் ஏற்றிவிட்டவன் நான்தான்.

அவர் போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்னும் இரண்டு. அதற்குள் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கிவிட்டான். மலாயாத் தபால் நின்றது. தபாற் பை என் தோளில் காற்றடைத்த பைபோல ஆனது. தீவில் ஒவ்வொரு படலையிலும் ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பா. நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

அக்கா மட்டும் மாதாமாதம் கடிதம் கொண்டுவந்தா. மலாயாவுக்குக் கடிதம் எடுக்கக்கூடாது என்று உத்தரவு. தபால் அதிபர் எடுத்தார். அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். வாங்கும்போது அவவின் முகத்தைப் பார்க்கமாட்டார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "அந்தப் பிள்ளை, உம்மடை அக்கா, என்னைப் பற்றி என்ன சொல்லுது?"

"ஒண்டும் சொல்லேல்லை ஐயா."

"நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டிருந்தால் அந்த மனிசன் இண்டைக்கு இஞ்சை மாடு கட்டிக்கொண்டு நிண்டிருக்கும். அதைச் சொல்லேல்லையோ?"

"இல்லை ஐயா."

"ஒருநாளாவது ஏசியிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு யாருடைய விலாசத்திலும் அவர் கத்தி வைத்து நான் காணவில்லை. அவருக்கு மாற்றல் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் விண்ணப்பம் எழுதி மறுத்தார். நெடுந்தீவிலேயே இருக்கவேண்டும் என்று விண்ணப்பம் எழுதிய உத்தியோகத்தர் அவர் ஒருவராகத்தான் இருக்கும் என்று ஊரில் பகிடி பண்ணினார்கள்.

சண்டை முடிந்து மலாயாத் தபால் திறந்த அன்றே அலுமாரியில் கிடந்த கடிதங்கள் முழுவதையும் எடுத்து, அன்றைய தேதி முத்திரை குத்தி, பையில் போட்டார். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நீளமான மண்ணிற உறை வந்தது. தோட்டக் கொம்பனியில் இருந்து. விலாசம் தட்டச்சில் அடித்திருந்தது. அதோடு நாங்கள் அனுப்பிய கடிதங்களும் கட்டாகத் திரும்பி வந்திருந்தன. நான் போய் அக்காவைக் கூட்டிவந்தேன். சிறு பிள்ளை அவவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தபால் அதிபர் வாசித்து, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார். ஜப்பான்காரர் சயாமுக்கு றெயில் பாதை போடக் கொண்டுபோன ஆட்களோடு கிராணியாரையும் கணக்கு எழுதக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்களில் அவர் இல்லை. இறந்துவிட்டதாகக் கொம்பனி கருதுகிறது.

அக்கா அழவில்லை. கையை நீட்டி அந்த உறையை வாங்கினா. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தா.

"இது ஆற்றை எழுத்து ஐயா?"

"மிசினிலை அடிச்சது பிள்ளை."

"அப்ப ஒருத்தற்றை கையும் இல்லை."

"இல்லை."

"பிறகையும் இல்லை?"

அவர் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார்.

"ஒருத்தற்றை கையும் படாத கடிதத்தை நான் எப்பிடி ஐயா எடுக்கிறது? அங்கை எங்கடை ஊர் ஆக்கள் எத்தனை பேர் இருக்கினம். அவர் போயிருந்தால் ஒருத்தராவது எழுதாமல் விட்டிருப்பினமோ?" உறையை மேசையில் திருப்பி வைத்தா. நெற்றியில் பொட்டு இருந்தது. "வரும். வந்தால் சொல்லுங்கோ."

தபால் அதிபர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று. இப்போது உலகம் முழுவதும் இப்படித்தான் எழுதுகிறார்கள். கையெழுத்தின் காலம் போய்விட்டது. மிசினுக்கும் உண்மை பொய் உண்டு. நீ நினைப்பது பிழை, பிள்ளை. நான் காத்து நின்றேன்.

"ஓம் பிள்ளை" என்றார். "வந்தால் தம்பியிட்டைக் குடுத்துவிடுறன்."

அடுத்த ஆண்டு அவர் மாற்றலாகிப் போனார். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. அவர் காலமானார் என்று ஓய்வூதியம் வாங்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள்.

இப்போது எனக்கு வரும் கடிதங்களெல்லாம் அடித்த எழுத்தில்தான் வருகின்றன. பேரர் எழுதும் இங்கிலீசில் நகக்குறி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. எனக்கு இப்போது அதை மட்டுக்கட்டத் தெரியும், ஆனால் சொல்வதில்லை. போன மாரியில் அக்கா காலமானா. கடைசிவரை பொட்டும் தாலியுமாகவே இருந்தா. மகள்தான் எல்லாம் பார்த்தா. பிரேதத்தைத் தோயவார்த்த பிறகு பெண்களுக்குள் ஒரு இழுபறி வந்தது. கூறைச்சேலை போடுவதா, வெள்ளை போடுவதா? மனிசன் சயாமில் செத்ததாகக் கொம்பனி எழுதியது என்று அந்தக் காலத்தில் ஒரு கதை இருந்ததே என்று யாரோ கிளப்பினார்கள். அந்தக் கதையை நேரில் கண்டவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். மகள் வெளியே வந்து, முற்றத்துக் கதிரையில் இருந்த என்னிடம் கேட்டா.

"மாமா, அப்பிடி ஒரு கடிதம் வந்ததோ?"

வீடு முழுவதும் என் வாயைப் பார்த்தது. வழமையாக இப்படிப்பட்ட இடத்தில் எனக்குப் பயம் வரும். அன்று வரவில்லை.

"உன்ரை அப்பாவைப் பற்றிப் பிறகைக் கடிதம் ஒண்டும் வரேல்லை, பிள்ளை" என்றேன். "இந்தத் தீவிலை கடிதம் குடுத்தவன் நான்தானே. கூறையைப் போடுங்கோ."